முடிவை யார் எடுப்பது? டீச்சரின் பதில்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். அரசுப் பள்ளிகளில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பது இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எடுக்கும் முடிவுகள், அவர்களை எடுக்க விடாத பெரியவர்கள். அதனால் தேர்வு பயம் பற்றிய கடிதங்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

வாரத்தில் ஒரு பீரியட் நன்னெறி வகுப்புக்கு இருக்கிறது. முடிவெடுக்கும் திறன் பற்றி நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல நண்பனைத் தேர்ந்தெடு, தீய பழக்கம் வேண்டாம் என்றெல்லாம் சொல்கிறேன். தலையாட்டுகிறார்கள். மணி அடித்ததும் மறந்துவிடுகிறார்கள். எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது?
*ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர், குறிஞ்சிப்பாடி*

‘தீய பழக்கம் வேண்டாம்’ என்பது நீங்கள் ஏற்கெனவே எடுத்து முடித்த முடிவு, சார். அதற்குத் தலையாட்டுவதைத் தவிர பிள்ளைகளுக்கு அங்கே வேலையே இல்லை. இன்னும் முடிவாகாத ஒரு விஷயத்தை அவர்கள் முன்னால் வையுங்கள். அது கதையாக இல்லாமல் நிஜமாக இருக்கட்டும். அவர்கள் என்ன முடிவெடுக்கிறார்களோ அது நடக்கும் என்றும் இருக்கட்டும்.

நான் வகுப்பாசிரியையாக இருந்தபோது ஒரு வருடம் சுற்றுலாவை ஒன்பதாம் வகுப்பிடமே விட்டேன். எங்கே போவது, எப்படிப் போவது, தலைக்கு எவ்வளவு வாங்குவது என்று எல்லாமே அவர்கள் பொறுப்பு. நான் போட்ட வேலி மூன்றுதான்: ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும், இருட்டுவதற்குள் எல்லாரும் வீட்டில் இருக்க வேண்டும், பணம் கட்ட முடியாது என்ற காரணத்தால் ஒருத்தரும் விடுபடக் கூடாது.

உடனே ‘பிச்சாவரம்!’ என்று ஒரு கூச்சல். அங்கேதான் பாடம் தொடங்குகிறது. பதின்வயதினர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்த பரூக் ஃபிஷ்ஹாஃப் போன்றவர்கள் கவனித்துச் சொன்ன ஒரு விஷயம் உண்டு. இந்த வயதுப் பிள்ளைகள் பல நேரம் ஒரே ஒரு வழியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ‘செய்யலாமா, வேண்டாமா’ என்றுதான் யோசிப்பார்கள். இன்னொரு வழி இருக்குமோ என்று தேட மாட்டார்கள். நம் வகுப்பிலும் அதேதான். டியூஷன் போவதா வேண்டாமா, அவளோடு பேசுவதா வேண்டாமா. ஆகவே நான் போட்ட முதல் விதி, குறைந்தது மூன்று வழியாவது பலகையில் ஏறாமல் ஓட்டெடுப்பு கிடையாது என்பது. பிச்சாவரம், செஞ்சிக் கோட்டை, புதுச்சேரி அருங்காட்சியகமும் கடற்கரையும் என்று மூன்றாயிற்று. மூன்றாவதைச் சொன்னது வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண்.

அடுத்து தகவல். இதற்கு ஒரு வாரம் கொடுத்தேன். கூட்டம் கூட்டமாகப் பிரிந்து விசாரித்தார்கள். வேன் வாடகை, படகுக் கட்டணம், அங்கே லைஃப் ஜாக்கெட் கொடுப்பார்களா, பெண்களுக்குக் கழிப்பறை எங்கே, சாப்பாடு கட்டிக்கொண்டு போவதா வாங்குவதா. அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்று கண்டுபிடித்து வந்தவனின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். நாங்கள் முதலில் யோசித்து வைத்திருந்தது ஒரு திங்கட்கிழமையைத்தான்.

செஞ்சிக்குத்தான் பையன்களில் பாதிப் பேர் ஆசைப்பட்டார்கள். ராஜகிரி மேலே ஏற வேண்டும் என்று துடித்தார்கள். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு நடப்பதில் சிரமம் உண்டு. அவன் ஒன்றும் சொல்லவில்லை. வேறொருவன்தான் எழுந்து, ‘அவன் கீழேயே உட்கார்ந்திருப்பானா டீச்சர்?’ என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. வகுப்புதான் சொல்ல வேண்டியிருந்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கை தூக்கி எண்ணிவிட்டால் முடிவெடுத்தாயிற்று என்று நம் பள்ளிகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அன்றைக்குச் செஞ்சிதான் வந்திருக்கும். நமக்கு எது முக்கியம் என்ற கேள்வியை முதலில் கேட்டுவிட வேண்டும், எண்ணுவதெல்லாம் அப்புறம்.

கடைசியில் பிச்சாவரமே முடிவானது. முதலில் கத்தியதும் அதுதானே, இத்தனை பாடு எதற்கு என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டார்கள். இப்போது அந்தப் பிள்ளைகளுக்கு ஏன் பிச்சாவரம் என்று சொல்லத் தெரிந்திருந்தது, அதற்காகத்தான்.

முறையாகச் செய்ய விரும்பினால் ஒரு சட்டகம் இருக்கிறது. லியோன் மான் என்ற ஆஸ்திரேலிய உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1980களில் பதினைந்து வயதை ஒட்டிய மாணவர்களுக்காக ‘கோஃபர்’ என்று ஒரு பாடத்திட்டம் வடிவமைத்தார்கள். ஐந்து படி: எனக்கு என்ன வேண்டும், என்னென்ன வழிகள் இருக்கின்றன, என்ன தகவல் தெரிய வேண்டும், ஒவ்வொரு வழியிலும் என்ன நடக்கும், எல்லாவற்றையும் மறுபடி பார்த்து எப்படிச் செயல்படுத்துவது. உலக சுகாதார நிறுவனம் 1990களில் பள்ளிகளுக்கான வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தைக் குறிப்பிட்டபோது முடிவெடுப்பதும் அதில் ஒன்று. உங்கள் நன்னெறி பீரியடுக்கு இந்தத் தலைப்பு வந்து சேர்ந்த வழியும் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். ஆனால் ஐந்து படியையும் பலகையில் எழுதிப்போட்டு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிடாதீர்கள். மனப்பாடம் செய்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்றும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். கணக்கில் ஸ்டெப் மார்க் போடுகிறோமே, அப்படித்தான். விடை எதுவாக இருந்தாலும், எத்தனை வழி யோசித்தான், யாரிடம் விசாரித்தான், ‘இது தப்பாகப் போனால் என்ன செய்வேன்’ என்று எழுதியிருக்கிறானா என்று பாருங்கள். நீங்கள் மனதில் நினைத்த விடையை எழுதியவனுக்கு அதிக மார்க் போட்டால் அடுத்த வாரமே வகுப்பு முழுக்க உங்கள் மனதை வாசிக்க ஆரம்பித்துவிடும். அதில் நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அவர்களிடம் விட்ட முடிவை ஹெச்.எம். சொன்னார் என்று பாதியில் மாற்றாதீர்கள். அனுமதி கிடைக்காத விஷயத்தை முதலிலேயே அவர்களிடம் விடாதீர்கள். தோட்டத்தில் என்ன நடுவது, காலை வழிபாட்டில் யார் என்ன பேசுவது, வகுப்பு நூலகத்துக்கு இருக்கிற ஐந்நூறு ரூபாயில் எந்தப் புத்தகம் வாங்குவது என்று சின்ன விஷயமாக இருக்கட்டும். முழுதாகக் கொடுத்துவிடுங்கள்.

என் மகனுக்கு பதினான்கு வயது. வீட்டில் நிதானமான பையன். பணம் கொடுத்தால் மீதிச் சில்லறையோடு திரும்பி வருவான். போன வாரம் கூட்டாளிகள் மூன்று பேரோடு சித்தப்பா பைக்கை எடுத்துக்கொண்டு வெள்ளிக் கடற்கரைக்குப் போயிருக்கிறான். ‘ஏன்டா?’ என்றால் ‘தெரியலைப்பா’ என்கிறான். பொய் சொல்கிறானா?
*ஓர் அப்பா, கடலூர் திருப்பாதிரிப்புலியூர்*

பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

2005இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இருவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு வந்த பிறகு எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்று பார்த்தார்கள். பதின்மூன்றிலிருந்து பதினாறு வயது வரை உள்ளவர்கள் தனியாக விளையாடும்போது ஒரு மாதிரியும், பக்கத்தில் கூட்டாளிகள் இருக்கும்போது இன்னொரு மாதிரியும் ஓட்டினார்கள். கூட்டாளிகள் இருந்தால் ஆபத்தை அதிகமாகத் தொட்டார்கள். இருபத்து நான்கு வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் காணவில்லை. உங்கள் பையன் கணக்குத் தெரியாதவன் இல்லை. மூன்று பேர் சுற்றி நின்று ‘வாடா’ என்றபோது அந்தக் கணக்கைப் போட நேரமே இருந்திருக்காது.

ஆகவே அந்த நேரத்தில் நன்றாக யோசி என்று அறிவுரை சொல்லிப் பயனில்லை. அந்த நேரத்துக்கு முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும். இருவரும் உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள். திட்டி முடித்த அன்றைக்கு வேண்டாம், இரண்டு நாள் போகட்டும். ‘நாளைக்கு மறுபடி பைக்கோடு வந்து நின்றால் என்ன சொல்லுவே?’ என்று கேளுங்கள். ‘வரமாட்டேன்’ என்று சொல்லச் சொல்லாதீர்கள், பதினான்கு வயதில் அது லேசில் வாயில் வராது. அவனுக்கு வாயில் வரக்கூடிய ஒரு வாக்கியத்தை அவனே கண்டுபிடிக்கட்டும். ‘எங்க அப்பா இப்ப கடைக்கு வருவாரு, மாட்டிக்குவோம்’ என்று உங்கள் மேல் பழி போட்டுத் தப்பித்தால் போடட்டும், உங்களுக்கு என்ன குறைந்துவிடப்போகிறது? இன்னொன்று, ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். அவன் போன் செய்து ‘பாட்டி மாத்திரை வாங்கிட்டீங்களா?’ என்று கேட்டால் நீங்கள் உடனே ‘கிளம்பி வீட்டுக்கு வா’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். வந்தவுடன் விசாரணை வைக்கக் கூடாது. வைத்தால் அடுத்த தடவை அந்தப் போன் வராது.

சட்டத்தையும் அவனிடம் முழுதாகச் சொல்லுங்கள், பயமுறுத்துவதற்காக இல்லை, அதுவும் ஒரு தகவல் என்பதால். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் வந்த திருத்தப்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளி. 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்தாகும். ஓட்டிய பையனுக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. சித்தப்பா மாட்டிக்கொள்வார் என்பது பல பையன்களுக்குத் தெரியவே தெரியாது. தன்னைப் பற்றி நினைக்காதவன் சித்தப்பாவை நினைத்து நிற்பான். அந்தச் சித்தப்பாவிடமும் ஒரு வார்த்தை, வண்டிச் சாவியை ஆணியில் மாட்ட வேண்டாம்.

நான் விவசாயி. எங்கள் காலத்தில் அப்பா சொன்னதைக் கேட்டோம், கெட்டுப்போகவில்லை. இப்போது என் பேத்தி, ஒன்பதாம் வகுப்பு, ‘என் முடிவை நான் எடுக்கணும் தாத்தா’ என்கிறாள். பதினான்கு வயதுக்கு என்ன முடிவு தெரியும்? பிள்ளைகளை நீங்கள்தான் கெடுக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.
*ஒரு தாத்தா, பண்ருட்டிப் பக்கம்*

ஐயா, உங்கள் கடிதத்தில் இருக்கிற கோபம் அக்கறையால் வந்தது என்று புரிகிறது. பதினான்கு வயதுக்கு எல்லா முடிவும் தெரியாது என்பதில் உங்கள் கட்சிதான் நான். திட்டமிடவும் ஆசையை அடக்கவும் உதவுகிற மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்கிறார்கள். அதனால்தான் எந்த முடிவை அவர்களிடம் விடுவது, எதை நாம் வைத்துக்கொள்வது என்று பிரிக்க வேண்டியிருக்கிறது. படிப்பை நிறுத்துவது, கல்யாணம் இதெல்லாம் அவள் முடிவு என்று எவரும் சொல்லவில்லை. கல்யாணம் என்றால் அந்த வயதில் அது உங்கள் முடிவும் இல்லை, சட்டம் முடித்துவிட்ட விஷயம்.

ஆனால் உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நீங்கள் பண்ருட்டிக்காரர். 2011 டிசம்பர் 30 உங்களுக்கு மறக்காது. தானே புயலில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை நானும் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. மறுபடியும் பலாவே வைத்து ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பதா, முந்திரி வைப்பதா, இடைப்பட்ட வருடங்களுக்கு வயிற்றுக்கு என்ன போடுவது, நிலத்தை விற்றுவிடலாமா, பையனை வெளியூர் வேலைக்கு அனுப்புவதா. கடன் வாங்குவது என்றால் யாரிடம், எவ்வளவுக்கு.

உங்கள் வீட்டில் என்ன முடிவு எடுத்தீர்களோ எனக்குத் தெரியாது. உங்கள் பேத்திக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். அவள் அப்போது பிறந்தே இருக்க மாட்டாள், இல்லையென்றால் கைக்குழந்தை. அந்தக் கதையை அவளிடம் சொல்லுங்கள் ஐயா. ‘முந்திரி வைத்தோம்’ என்று முடிவை மட்டும் சொல்லாமல், யார் யாரிடம் கேட்டீர்கள், எது உங்களைத் தூங்க விடவில்லை, எந்த வழியை ஏன் விட்டீர்கள், பாட்டி என்ன சொன்னார்கள், நீங்கள் நினைத்தது எங்கே நடக்கவில்லை என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் முடிவெடுப்பதைப் பிள்ளைகள் பார்ப்பதே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறோம், வெளியே வந்து தீர்ப்புச் சொல்கிறோம். உங்கள் அப்பாவும் உங்களை வயலுக்குக் கூட்டிப்போய் எந்த மடையை எப்போது திறப்பது என்று பார்க்க விட்டிருப்பார். பேத்திக்கு அந்த வரப்பு இல்லை. பள்ளிக்கூடம் விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் வீடு.

அவள் எதில் முடிவு கேட்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. சைக்கிளா, தலைமுடியா, டியூஷனா? கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நாம் பயப்படுகிற அளவுக்கு இருக்காது.

டீச்சர், நான் எட்டாம் வகுப்பு. கூடைப்பந்து டீமா, பரதநாட்டிய வகுப்பா, இரண்டும் சாயந்திரம் ஒரே நேரம். போன மாதம் கூடைப்பந்து என்று முடிவெடுத்தேன். ஆனால் தினமும் ‘தப்பு பண்ணிட்டோமோ’ என்று யோசனை வருகிறது.
*மாணவி, புதுச்சேரி முத்தியால்பேட்டை*

கண்ணு, நீ எடுத்தது நல்ல முடிவா என்று எனக்குத் தெரியாது. ஆனால் தினமும் அதே முடிவைத் திரும்ப எடுக்க வேண்டாம், களைத்துப்போவாய். ஒரு காகிதத்தில் எழுது: நான் ஏன் கூடைப்பந்தைத் தேர்ந்தெடுத்தேன், அரைப்பரீட்சை முடிகிற வரை மாற்ற மாட்டேன், அன்றைக்கு மறுபடி யோசிப்பேன். தேதி போட்டு கையெழுத்தும் போடு. இடையில் ‘தப்போ’ என்று தோன்றினால் உன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்: எனக்குப் புதிதாக ஏதாவது தெரியவந்திருக்கிறதா? கோச் மாறிவிட்டார், முட்டி வலிக்கிறது, நாட்டிய வகுப்பின் நேரம் மாறிவிட்டது என்று ஏதாவது இருந்தால் தேதிக்கு முன்பே யோசிக்கலாம். புதிதாக ஒன்றும் இல்லை, தோழியின் சலங்கைச் சத்தம் கேட்டது மட்டும்தான் என்றால் விளையாடப் போ. நாட்டியத்தின் மேல் ஏக்கம் இருப்பதால் கூடைப்பந்து தப்பாகிவிடாது. இரண்டு நல்ல விஷயத்தில் ஒன்றை எடுத்தால் மற்றதன் மேல் ஏக்கம் இருக்கத்தான் செய்யும்.

மகள் புதுச்சேரியில் சிபிஎஸ்இ பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முடிக்கிறாள். பத்தாம் வகுப்பில் கணிதம் ஸ்டாண்டர்டா, பேசிக்கா என்று கேட்பார்களாம். அவள் தோழிகள் எல்லாரும் பேசிக் என்கிறார்கள், அதனால் இவளும். அவள் அப்பா ஸ்டாண்டர்ட்தான் என்று ஒரே பிடி. வீட்டில் தினம் சண்டை. நீங்கள் கணக்கு டீச்சர், நீங்களே சொல்லிவிடுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.
*ஓர் அம்மா, அரியாங்குப்பம்*

சொல்ல மாட்டேன் அம்மா. 1772இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிவியல் அறிஞர் ஒரு வேலையை ஏற்பதா என்று குழம்பி பெஞ்சமின் ஃபிராங்க்ளினிடம் யோசனை கேட்டார். என்ன முடிவெடுப்பது என்று என்னால் சொல்ல முடியாது, எப்படி எடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்று ஃபிராங்க்ளின் பதில் எழுதினார். காகிதத்தின் நடுவே ஒரு கோடு, ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். மூன்று நான்கு நாள் எடுத்துக்கொண்டு தோன்றத் தோன்ற எழுதுவது. பிறகு இரண்டு பக்கமும் சமமான எடை உள்ளவற்றை அடித்துக்கொண்டே வந்தால் மிச்சம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். ஒரே நாளில் எழுதி முடிக்காததுதான் அதில் எனக்குப் பிடித்த இடம். உங்கள் மகளும் அப்பாவும் தனித்தனித் தாளில் எழுதட்டும்.

ஆனால் எழுதுவதற்கு முன் தகவல் வேண்டும். பாடம் இரண்டுக்கும் ஒன்றுதான், கேள்வித்தாள்தான் வேறு. 2020 பொதுத்தேர்விலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. பதினொன்றில் கணிதம் எடுக்கப்போகிறவர்களுக்கு ஸ்டாண்டர்ட், கணிதத்தோடு முடித்துக்கொள்கிறவர்களுக்கு பேசிக் என்பது அடிப்படை நோக்கம். பேசிக் எழுதிவிட்டுப் பின்னால் கணிதம் வேண்டும் என்றால் என்ன செய்யலாம் என்பதில் சிபிஎஸ்இ இடையிடையே விலக்குகள் தந்திருக்கிறது. அதனால் போன வருடம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நடந்ததை நம்பாமல், இந்த வருடச் சுற்றறிக்கையை உங்கள் மகளே பள்ளியில் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். நீங்கள் போய்க் கேட்காதீர்கள், அவளையே அனுப்புங்கள்.

அப்புறம், இரண்டுக்கும் மாதிரி வினாத்தாளை சிபிஎஸ்இ தன் இணையதளத்தில் போடுகிறது. இரண்டையும் அச்செடுத்து, ஒரு ஞாயிறு இது, அடுத்த ஞாயிறு அது, மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பார்க்கட்டும். ‘எனக்குக் கணக்கு வராது’ என்ற பயத்துக்கும் கணக்கு வராததற்கும் உள்ள தூரம் அங்கே தெரிந்துவிடும். என் அனுபவத்தில் பெண் பிள்ளைகளிடம் இந்தத் தூரம் அதிகம். நன்றாகப் போடுகிறவளே ‘வராது’ என்பாள். கணக்கு டீச்சராக என்னை மிகவும் வருத்திய விஷயம் அது.

தோழிகள் எடுப்பதால் எடுக்கிறேன் என்பது ஒரு காரணமே இல்லை என்று அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். கூடப் படிக்க ஆள் வேண்டும் என்பதும் சாதகப் பக்கத்தில் எழுத வேண்டிய ஒன்றுதான், அதன் எடை எவ்வளவு என்று அவள் பார்க்கட்டும். அப்பாவிடமும் அதே கேள்வி: ‘ஸ்டாண்டர்ட்’ என்பது மகள் எதிர்காலத்துக்காகவா, அலுவலகத்தில் கேட்டால் சொல்வதற்காகவா?

அப்பாவுக்கு முடிவெடுக்கும் உரிமை இல்லையா என்று கேட்பீர்கள். பின்னால் மாற்ற முடிகிற முடிவுகளில் பிள்ளைக்கு முழு உரிமை கொடுங்கள். மாற்றுவது கஷ்டமான முடிவுகளில் ‘இன்னும் நன்றாக விசாரித்துவிட்டு வா’ என்று நிறுத்திவைக்கிற உரிமை பெற்றோருக்கு இருக்கட்டும். இது இரண்டாவது வகைக்குப் பக்கத்தில் வருகிறது. எனவே அப்பா நிறுத்திவைக்கலாம், ஆனால் அவளுக்காகப் படிவத்தில் டிக் அடித்துவிடக் கூடாது.

பையன் எட்டாவது. சேர்த்துவைத்த காசில் புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் அறுநூறு ரூபாய்க்கு ப்ளூடூத் ஹெட்போன் வாங்கினான். கடைக்காரரிடம் போட்டுக் காட்டச் சொன்னானாம், வேறு இரண்டு கடையில் விலையும் கேட்டானாம். பத்தே நாளில் ரிப்பேர். அழுகிறான். அவன் அப்பா கடலுக்குப் போகிறவர், ‘இனிமே உன் கையில காசே கிடையாது’ என்று சொல்லிவிட்டார். நான் வேறு வாங்கிக் கொடுக்கட்டுமா?
*ஓர் அம்மா, கடலூர் சோனாங்குப்பம்*

வாங்கிக் கொடுக்க வேண்டாம் அம்மா. காசையும் பிடுங்க வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரரிடம் இதைக் கேளுங்கள். துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், அவர் படகைக் கட்டிவிட்டு வீட்டில் இருக்கிறார். புயல் வேறு பக்கம் போய்விட்டது, கடல் அமைதியாகவே இருந்தது, ஒரு நாள் வருமானம் போயிற்று. அவர் தப்பான முடிவெடுத்தாரா? இல்லை என்றுதான் சொல்வார். கூண்டைப் பார்க்காமல் போய் வலை நிறைய மீனோடு திரும்பியவனைப் பற்றிக் கேட்டால், ‘அவனுக்கு நேரம் நல்லா இருந்துச்சு’ என்பார், புத்திசாலி என்று சொல்ல மாட்டார். கடலுக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தங்கள் பிள்ளை விஷயத்தில் மட்டும் மறந்துபோகிறது.

உங்கள் பையன் போட்டுப் பார்த்திருக்கிறான், மூன்று கடையில் விலை கேட்டிருக்கிறான். எட்டாவது படிக்கிறவனுக்கு அது பெரிய விஷயம், அதை அவனிடம் சொல்லுங்கள். விட்டுப்போனது ஒன்றுதான், ரிப்பேர் ஆனால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா, பில் உண்டா என்று கேட்கவில்லை. ஆனால் அதை நீங்கள் சொல்லாதீர்கள். ‘இன்னொரு தடவை வாங்கினா வேற என்ன கேப்பே?’ என்று மட்டும் கேளுங்கள். அவனே சொல்லுவான். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்ற வாக்கியம் வீட்டில் யார் வாயிலும் வரக் கூடாது, பாட்டி உட்பட.

பத்து நாள்தானே ஆகிறது. வரும் ஞாயிறு அதே இடத்துக்கு, காந்தி வீதிக்கு, அவனை அனுப்பி கடைக்காரரிடம் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பா கூடப் போகட்டும், பேசுவது பையனாக இருக்கட்டும். மாற்றிக் கொடுத்தால் நல்லது. கொடுக்காவிட்டால் பெரியமார்க்கெட் பக்கம் சின்னச் சின்னச் சர்வீஸ் கடைகளில் விசாரிக்கலாம், பேட்டரிதான் போயிருந்தால் சரிசெய்ய எவ்வளவு கேட்கிறார்கள் என்று பார்த்து, சரிசெய்வதா, மறுபடி சேர்ப்பதா, ஹெட்போனே வேண்டாமா என்று அவனே யோசிக்கட்டும். மூன்று வழி ஆயிற்று பாருங்கள். மாதக் காசை எப்போதும் கொடுக்கிற தேதியிலேயே கொடுத்துவிடுங்கள்.